புதுப்பிப்பு: ஜி12 கமராவுக்கு எந்தத் தொலைத்துணை வில்லையை வாங்கினேன்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று வாவிப் பறவைகளைப் படம் பிடிப்பதற்காக, என் கனன் ஜி12 கமராவுக்கு முன்னால் மாட்டித் தூரப்பொருளைப் பெரிதாகக் காட்டும் துணைவில்லைகளில் மலிவான 2 மடங்கு வில்லையை வாங்குவதா, கனனின் 1.4 மடங்கு வில்லையை வாங்குவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் மாட்டிப் பார்த்தபின் 1.4 மடங்கையே வாங்கினேன்.

கணக்குப்படி 2 மடங்கு வில்லை, கமராவின் சூம் எட்டும் 140 மி.மீ. நிகர் குவியத்தூரத்தை (35 மி.மீ. பிலிம் கமரா அளவில்; எண் கூடினால் தூரப்பொருள் பெரிதாகும்) 280 ஆக்கும். ஆனால் முகத்துவாரத்து வெளிச்சவீட்டைப் பிடித்த படத்தில், கோபுரமும் வானமும் சேரும் விளிம்பெங்கும் ஊதாக் கோடு படர்ந்திருந்தது. மூலைகள் நீரில் கரைந்தவைபோல் மங்கியிருந்தன. மற்றது 196 வரைதான் எட்டும் என்றாலும், தோணியின் அணியத்தில் நின்ற கொக்கின் கண்ணும் அலகில் தொங்கிய நீர்த்துளியும் அதில் தனித்தனியே தெரிந்தன. நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கியபோதும் இதுவே மேலாக இருந்தது.

துணைவில்லை மாட்டினால் வெளிச்சம் குறையுமே என்று அப்போது எச்சரித்த அண்ணனுக்கு: கமராவுக்கும் வில்லைக்கும் இடையில் பொருத்தும் வகைதான் ஒளியைக் குறைக்கும், முன்னால் திருகும் இவ்வகையில் துவார எண் (ஒளி நுழையும் துவாரத்தின் அளவைக் காட்டும் f எண்) மாறுவதில்லை.

வாங்குவோர் 58 மி.மீ. இணைப்புக் குழாயையும் தனியே வாங்க வேண்டும். சூமை முழுதும் நீட்டியே எடுக்க வேண்டும், இல்லையேல் மூலைகள் கறுத்துவிடும். கமராவின் பட்டியலில் (மெனு) துணைவில்லைத் தெரிவை மாற்ற மறந்தால், நடுக்கத்தடுப்பு சரியாக வேலை செய்யாது. பிளாஷ் வெளிச்சத்தைக் குழாய் மறைப்பதால், மாலை மங்கியபின் முக்காலி அவசியம்.