வெள்ளை முண்டின் நிழல் அழுக்காகத் தெரிகிறது, வழி சொல்லுங்கள்

கோத்தகிரியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டியை ஆயில் பெயின்டில் வரைகிறேன். 18க்கு 24 அங்குல கேன்வாஸ். முகம் நன்றாகவே வந்துவிட்டது, பாட்டிக்கும் பிடித்துவிட்டது. சிக்கல் அவர் உடுத்தியிருக்கும் வெள்ளை முண்டில்தான். மடிப்புகளின் நிழல் அழுக்குப் பிடித்ததாகத் தெரிகிறது. வெளிச்சம் படும் இடமோ சுண்ணாம்பு அடித்த சுவர் போலத் தட்டையாக நிற்கிறது.

நான் வைத்திருப்பது டைட்டானியம் ஒயிட். நிழலுக்கு முதலில் கறுப்பு கலந்தேன், நீலம் தட்டியது. அப்புறம் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும். பரவாயில்லை, ஆனால் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வந்தால் உயிரே இல்லை. பளிச்சென்ற ஓரங்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற வெள்ளையை ஒரு படி இறக்கியும் பார்த்தாயிற்று. ஜூலையில் தொடங்கிய படம். இந்த ஈரத்தில் லின்சீட் ஆயில் கலந்த அடுக்கு லேசில் காய்வதில்லை, அதனால் காய்ந்த நிறத்தின் மேல் கண்ணாடி போல மெல்லிசாகப் பூசும் கிளேஸ் போடவும் வழியில்லை.

வடக்கு ஜன்னல் வெளிச்சம். மூடுபனி இறங்கினால் துணி நீலமாகிறது. விலகினால் எதிர்ச் சரிவுத் தேயிலையின் பச்சை அதில் ஏறிக்கொள்கிறது. போட்டோ பார்த்து வரையச் சொல்லாதீர்கள், என் போன் கேமராவில் மடிப்பே தெரிவதில்லை.

இந்த வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் நிழலுக்கு எந்தெந்த நிறங்களைக் கலந்தால் அது சாம்பலாகாமல் வெள்ளையாகவே தெரியும்?