அறுபது தாண்டிய பிறகு மலிவு டிக்கெட்டில் வெளிநாட்டு வியாபாரப் பயணம்: உங்கள் அனுபவம்?

ஆம்பூர்த் தோல் ஏஜெண்ட்

இத்தாலியின் மிலானில் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு நம் பக்கத்திலிருந்து போய்வருகிறவர்களுக்குப் பிப்ரவரி டிக்கெட் விலை தெரியும், அதை விளக்கவில்லை. வளைகுடாவில் ஓர் இரவு முழுக்கக் காத்திருந்து அடுத்த விமானம் பிடிக்கிற டிக்கெட்தான் எனக்குக் கட்டுப்படியாகிறது. வயது 66. அங்கே நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைத்திருப்பதால் காலை நீட்டிப் படுக்க வழியில்லை, உட்கார்ந்தபடியே விடிந்தது. மிலானின் மல்பென்சா விமான நிலையத்தில் இறங்கி, நேராகக் கண்காட்சி நடக்கும் ரோ அரங்குக்குப் போனபோது இரண்டு பாதமும் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை. குதிகால் பக்கத்தை மிதித்து மடக்கிப் போட்டுக்கொண்டு, தோல் வாங்கும் பையர் முன்னால் நின்றேன்.

அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஆட்டுத்தோல் சாம்பிளைக் கையில் வாங்கியவர் அதைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, சாம்பிளைத் தானே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆர்டர் கொடுத்தார். விலைக்காக விடாமல் வாதாடுகிற மனிதர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. தோல் நல்ல தோல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் தோலைப் பார்த்துத்தான் கொடுத்தாரா என்பது மட்டும் இன்னும் மனதைக் குடைகிறது.

வாலாஜா வாசி

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் முன்னதாகப் போய் அறையில் தூங்கி எழுந்து அரங்குக்குப் போயிருக்கலாம். என் மாமாவும் இப்படித்தான் சிக்கனம் பார்த்தார். ஹாங்காங்கில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி மேசையில் சாய்ந்துவிட்டார். எதிரே இருந்தவர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வந்தது வெறும் தூக்கம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடுகிறது. அங்கே காலை என்றால் நம் உடம்புக்கு அது விடியற்காலை.

மேல்விஷாரம் பாய்

வாலாஜா தம்பி, ஒரு நாள் முன்னதாகப் போகச் சொல்வது எளிது. கண்காட்சி வாரத்தில் மிலானில் அறை வாடகை எங்கே போய் நிற்கும் என்று தெரியுமா? பெரிய கம்பெனிக்காரர்கள் போவார்கள். நாங்கள் ஜாப் ஒர்க்காக, அதாவது பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் சின்ன டேனரிக்காரர்கள். பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்ததற்காக 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது சரியான தீர்ப்பு என்பதே என் எண்ணம். அதிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டுகிற பணம் எங்கள் கணக்கில் மாதாமாதம் முதல் வரியில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் டிக்கெட், அறை எல்லாம்.

என் விஷயம் இன்சுலின். கடைசி நேரத்தில் மகன் அதைப் பெரிய பெட்டியில் வைக்கப் போனான். வீட்டம்மா பிடுங்கி என் கைப்பையில் திணித்தாள். இரண்டாவது விமானத்தில் பெட்டி வரவில்லை. பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெண் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. வேலூர் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த தாளை நீட்டினேன். படித்தார். "என் அப்பாவுக்கும் இதே மருந்து" என்று சொல்லிவிட்டு, அடுக்கியது போலவே ஒவ்வொன்றாகத் திரும்பப் பையில் வைத்தார். எந்த நாட்டுப் பெண்ணோ, பெயர்கூடக் கேட்கவில்லை. தொழுகையில் அவளுக்காகவும் துவா கேட்கிறேன்.

ராணிப்பேட்டை, ஏற்றுமதிப் பிரிவில் ஓய்வு பெற்றவன்

எனக்குப் பெரிய கதை கிடையாது. ஒருமுறை ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானத்தைத் தவறவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் மேலே படித்ததில் சில விஷயங்கள் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆம்பூர் அண்ணன் கவனிக்க: இரண்டு பாதமும் சமமாக வீங்குவது நெடுநேரம் உட்கார்ந்தால் பலருக்கும் வருவது. ஒரே காலில் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, சூடாக இருந்தாலோ அது ரத்தக்கட்டாக இருக்கலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். இடையிடையே எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். அழுத்தக் காலுறை போடலாம், ஆனால் சர்க்கரையோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். விமானத்தில் தூக்க மாத்திரை போட்டு அசையாமல் கிடப்பது ஆபத்து.

பாய் சொன்னது முழுக்கச் சரி. சரக்கு அறையில் இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்தது உருகினாலும் பயன்படாது. இன்னொன்று, இத்தாலி குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மேற்கே போகிற நாள் நீள்கிறது. ஊசியை எந்த நேரக் கணக்கில் போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

டிக்கெட்டில் மிச்சம் பிடியுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு விமானத்தையும் தனித்தனியாக வாங்காதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் போன பணம் போனதுதான். நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இத்தாலி போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தத் தொகையை மட்டும் பார்க்காமல், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அது பணம் தருமா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் தராது.

பேரணாம்பட்டு அப்பர் யூனிட்

ஐயா சொன்னதெல்லாம் குறித்துக்கொண்டேன், நன்றி. ஆனால் சக்கர நாற்காலி எல்லோருக்கும் ஒத்துவராது. பெண் தனியாக வந்திருக்கிறாள், வயதும் ஆகிவிட்டது, இவளிடம் ஆர்டர் கொடுத்தால் சரக்கு நேரத்துக்கு வருமா என்று யோசிக்கிற பையர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்திலேயே ஒருவர் பார்த்துவிடலாம். நான் நடந்தே போவேன்.

மிலான் அறை வாடகைக்குப் பயந்து நான் தங்குவது மிலானுக்கு வெளியே இருக்கும் நோவாரா ஊரில். ரோ அரங்கு நிலையத்திலேயே அந்த ரயில் நிற்கிறது. போன முறை மாலையில் வேலைநிறுத்தம். பலகையில் ஒவ்வொரு ரயிலாக அழிந்துகொண்டே வந்தது. நல்ல குளிர். தோளில் சாம்பிள் பை, மூட்டு வலி. பக்கத்தில் ஒரு கிழவி, அவளும் போக வழியில்லாமல் நின்றாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்கும் புரியவில்லை. என் பையின் ஒரு வாரைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். ரயில் வரும்வரை ஆளுக்கொரு வாராகப் பிடித்தபடி நின்றோம். ஏன் கீழே வைக்கவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். தரை முழுக்க ஈரம், உள்ளே இருந்தது வெள்ளைத் தோல் அப்பர், ஷூவின் மேல்பாகம்.

வாலாஜா வாசி

பாய், நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன். செலவு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். உடம்பு விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். அக்கா, நோவாராவில் தங்கும் யோசனையை மாமாவிடம் சொல்கிறேன்.

ஆம்பூர்த் தோல் ஏஜெண்ட்

ராணிப்பேட்டை ஐயா, இரண்டு காலும்தான் வீங்கியது, மறுநாள் இறங்கிவிட்டது. டாக்டரிடமும் காட்டிவிட்டேன். இந்தப் பிப்ரவரியும் போகிறேன், அதே பையரைப் பார்க்க. இந்தத் தடவை விலை பேசாமல் அவரை விடப்போவதில்லை. சென்னை விமான நிலையத்துக்கு ஆம்பூரிலிருந்து கார் வைக்கிறேன். பாய், மேல்விஷாரம் வழியில்தானே, நெடுஞ்சாலையிலேயே ஏறிக்கொள்ளலாம். பேரணாம்பட்டு அம்மா ஆம்பூருக்கு வந்துவிட்டால் மூன்று பேராக வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். எந்தத் தேதி விமானம் என்று இருவரும் சொல்லுங்கள்.