இரண்டு இரவு, நான்கு பேர், ஒரு கூடாரம்: கொடைக்கானல் மேல்மலைக்கு எவற்றை எடுத்துச் செல்வது?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் விடுமுறையில் நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் மதுரையிலிருந்து சொந்தக் காரில் புறப்பட்டு, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டத்தில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்க எண்ணியிருக்கிறோம். இடம், கழிப்பறை, தண்ணீர் ஆகிய மூன்றையும் தோட்டக்காரர் தருவார். கூடாரமும் படுக்கையும் சமையலும் எங்கள் பொறுப்பு. இதற்கு முன் நாங்கள் ஒருமுறைகூடக் கூடாரத்தில் தங்கியதில்லை.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் நூறு பொருள்கள் இருக்கின்றன. எது இல்லாவிட்டால் குழந்தைகள் உண்மையிலேயே அவதிப்படுவார்கள், எது வெறும் சுமை என்பதை அவற்றிலிருந்து அறிய முடியவில்லை. இப்போது கையில் இருப்பவை: நண்பரிடம் இரவல் வாங்கிய, நான்கு பேருக்கானது என்று எழுதப்பட்ட கூடாரம், காற்றடைக்கும் மெத்தை இரண்டு, வீட்டுப் போர்வைகள், ஒரு டார்ச். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மலைநாடோடி:

வணக்கம் நண்பரே. பதினைந்து ஆண்டுகளாகக் குடும்பத்துடன் மலைகளில் கூடாரம் அடித்துத் தங்கி வருகிறேன். என் முதல் பயணத்தில் நாற்காலி, மேசை, அலங்கார விளக்கு எல்லாம் இருந்தன. கீழே விரிக்கச் சரியான விரிப்பு மட்டும் இல்லை. அன்றிரவு என் மகள் குளிரில் நடுங்கியபடியே விடியும் வரை விழித்திருந்தாள். எனவே பொருள்களை எடுத்துவைக்கும்போது "இது நால்வரையும் இரவில் ஈரமின்றியும் குளிரின்றியும் வைத்திருக்க உதவுமா?" என்ற கேள்வியையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும். நீங்கள் தங்கப்போகும் பகுதி 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது; ஆக, மதுரையில் 21 டிகிரி இருக்கும் இரவில் அங்கே 10 டிகிரிக்கும் கீழே போகலாம். மேகமில்லாத இரவுகளில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழுவதும் டிசம்பர், ஜனவரியில் வழக்கம்தான். வடகிழக்குப் பருவமழையும் டிசம்பரில் முற்றாக ஓய்ந்திருக்காது என்பதால் குளிர், மழை இரண்டுக்குமே ஆயத்தமாக வேண்டும்.

குளிர் மேலிருந்து இறங்குவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உடற்சூட்டைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தரை. காற்றடைத்த மெத்தை மென்மையாக இருக்குமே தவிர, உள்ளே காற்று சுழன்றுகொண்டே இருப்பதால் குளிரைத் தடுக்காது. அதன்மேல் ஆளுக்கொரு தடித்த நுரை விரிப்பு (உடற்பயிற்சிக்கு விரிப்பார்களே, அது போதும்), அதற்கு மேல் ஒரு ஜமக்காளம் அல்லது கம்பளி விரித்துவிட்டுப் படுங்கள். இரண்டு கம்பளிகள் இருந்தால், இரண்டையும் மேலே போர்த்துவதைவிட ஒன்றைக் கீழே விரிப்பதே பயன் தரும். குழந்தைகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவார்கள் என்பதால் அவர்கள் இருவருக்காவது ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிடுங்கள். படுக்கும்போது மட்டும் அணிவதற்கென்று ஆளுக்கொரு முழு உடை, கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லா ஆகியவற்றைத் தனியாக ஒரு பையில் கட்டி, எக்காரணம் கொண்டும் பகலில் பிரிக்காமல் வையுங்கள். பகலில் நனைந்த பருத்தி உடையோடு படுப்பதைப் போன்ற துன்பம் வேறில்லை.

கூடாரத்தைப் பற்றி. "நான்கு பேர்" என்று எழுதியிருந்தால் நால்வர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம், பைகளுக்கு இடமிராது என்று பொருள். உங்களுடையவர்கள் சிறு குழந்தைகள் என்பதால் சமாளிக்கலாம். பைகளைக் காரிலேயே விட்டுவிடுங்கள். மேலே போடும் மழைவிரிப்பு தரைக்கு அருகில் வரை இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். உச்சியை மட்டும் மூடும் கூடாரம் மேல்மலைக் காற்றோடு வரும் மழைக்குத் தாங்காது. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் வழிந்து நேரே உங்கள் முதுகுக்கடியில் வந்து தேங்கும். எனவே நான்கு பக்கமும் ஒரு சாண் உள்ளே மடித்துவிடுங்கள்.

இன்னொன்று: கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டருகே மண்தரையில் கூடாரத்தை முழுமையாக அடித்துப் பார்த்து, மேலே நான்கைந்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். இரவல் கூடாரம் என்கிறீர்கள்; முளைகளின் எண்ணிக்கை குறைவதும், கம்பி ஒன்று விரிசல் விட்டிருப்பதும், தையல் வழியே நீர் கசிவதும் அப்போதுதான் தெரியவரும். கூடுதலாக ஆறு முளைகள், ஒரு சுத்தியல், பத்து மீட்டர் நைலான் கயிறு, அகலமான ஒட்டுநாடா எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று வேண்டும், ஏனென்றால் இரவு மழையில் குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்போது ஒரு கையில் குடையும் மறு கையில் குழந்தையின் கையும் இருக்கும்.

சமையல்கட்டு:

மலைநாடோடி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் சமையலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும், எரிவாயுவும் தீர்ந்துவிடும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துச் சென்றால் பாதிக் கவலை தீரும். சிறிய அடுப்புக்கு வரும் பியூட்டேன் குப்பிகள் கடுங்குளிரில் சரியாக எரியாது, ஏனென்றால் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் அந்த வாயு ஆவியாவது நின்றுபோகும். குப்பியைக் காலையில் கம்பளிக்குள் சற்று நேரம் சுற்றிவைத்துவிட்டுப் பற்றவையுங்கள். நெருப்பருகே வைத்துச் சூடாக்க எவரும் முயலக் கூடாது. இரண்டு நாளைக்கு நான்கு பேர் என்றால் மூன்று குப்பிகள் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்து கூடாரம் அடிப்பதற்குள் இருட்டிவிடும், பசியும் வந்துவிடும். அன்றைக்குச் சமைக்கவே வேண்டாம்: எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், புளியோதரையும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். மறுநாளுக்கு வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சுக்குமல்லிப்பொடி, வெங்காயம், முட்டை ஆகியவை போதும்.

தண்ணீரை எவர்சில்வர் குடங்களிலோ பெரிய கேன்களிலோ கொண்டு செல்லுங்கள். கொடைக்கானலுக்குள் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களுக்குத் தடை உள்ளது. வழியில் சோதனையும் செய்கிறார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது என்பதால் அதையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

மீந்த உணவையும் குப்பையையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கொடைக்கானல் பகுதியில் காட்டுமாடுகள் தோட்டங்களுக்குள்ளும் வீடுகளுக்கு அருகிலும் வருவது வாடிக்கை. உணவு முழுவதையும் இரவில் காருக்குள் பூட்டிவைப்பதே பாதுகாப்பு.

தேனிச் செவிலி:

ஒரு செய்தியை மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். எவ்வளவு குளிராக இருந்தாலும் கரி அடுப்பையோ, தணல் இருக்கும் சட்டியையோ, எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு செல்லாதீர்கள். தணல் அணைந்துவிட்டதைப் போலத் தோன்றினாலும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்கள் விழிக்காமலேயே இறந்துபோவார்கள். குளிருக்கு வெந்நீர்ப் பையே போதும்: இறுக மூடும் எவர்சில்வர் பாட்டிலில் சுடுநீர் ஊற்றித் துண்டில் சுற்றிக் குழந்தைகளின் காலடியில் வைத்தால் நெடுநேரம் இதமாக இருக்கும். குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தின் எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடவும் வேண்டாம். நால்வரின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம் உட்புறத்தில் படிந்து விடியற்காலையில் படுக்கையை நனைத்துவிடும்.

மருந்துப்பெட்டியில் குழந்தைகளின் எடைக்கேற்ற பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒவ்வாமைக்கான மாத்திரை, கிருமிநாசினி, கட்டுத்துணி, மலைப்பாதை வளைவுகளில் வரும் வாந்திக்கு மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஆகியவை இருக்கட்டும். காலணிகளைக் காலையில் உதறிவிட்டு அணியுங்கள். பாம்பு தீண்டினால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மேல்மலையில் கைப்பேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் 108-ஐ மட்டும் நம்பியிராமல், இரவில் திறந்திருக்கும் அரசு மருத்துவமனை எது, எவ்வளவு தொலைவு என்பதைத் தோட்டக்காரரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

வைகைக்கரையான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மண்தரை தேடி, நேற்று மாலையே எங்கள் தெருமுனையிலுள்ள காலி மனையில் கூடாரத்தை அடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வாயில் பக்கத் தையலில் கசிவு இருக்கிறது. முளைகள் பன்னிரண்டுக்கு ஏழுதான் இருக்கின்றன. தையலை எதைக் கொண்டு அடைப்பது? பின்னொரு நாள் காட்டுக்குள் தங்குவதாக இருந்தாலும் இதே பொருள்கள் போதுமா என்றும் அறிய விரும்புகிறேன்.

மலைநாடோடி:

கூடாரத் தையலுக்கென்றே விற்கும் பசை ஒன்று இருக்கிறது. துணி நன்கு காய்ந்த பிறகு வெளிப்புறத் தையலின்மீது மெல்லிய தூரிகையால் இரண்டு முறை பூசி, ஒரு நாள் முழுவதும் நிழலில் உலரவிட்டு, மீண்டும் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். அப்போதும் கசிந்தால், அந்தக் கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாடகைக்கு எடுங்கள்.

காட்டுக்குள் தங்குவது வேறு செய்தி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நேர்ந்த காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். நீங்கள் இப்போது போகும் தோட்டத்திலும் கூடாரம் அடிக்க அனுமதி இருக்கிறதா என்று தோட்டக்காரரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அனுமதியற்ற கூடாரத் தங்குமிடங்களை மாவட்ட நிர்வாகம் அகற்றிய நிகழ்வுகள் உண்டு.