மார்ட்டின் கதைல எது நெஜம், எது ரீலு?

மாடிப்படி_மாது:
மர்ம மனிதன் மார்ட்டின் காமிக்ஸ இப்பத்தான் கையில எடுத்திருக்கேன், லயன்-முத்து காமிக்ஸ் ஆளுங்க எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்றீங்களேன்னு. நான் கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் கட்சி, வந்தமா நாலு பேர சுட்டமா கதை முடிஞ்சுதான்னு இருக்கணும். இங்க என்னடான்னா மனுசன் பக்கம் பக்கமா லெக்சர் அடிக்கிறாரு. அதுல நெஜ ஊரு, நெஜ வருஷம், நெஜ ஆளுங்க பேரெல்லாம் வருது, சரி இது உண்மை போலன்னு நம்பி திருப்புனா அடுத்த பக்கத்துல, கடல்ல அழிஞ்சு போனதா சொல்ற மூ கண்டத்து கதிர்த்துப்பாக்கிய எடுத்து நீட்டுறாரு. நெட்ல தேடுனா பாதி கெடைக்குது பாதி கெடைக்கல. இத எழுதினவரு இதெல்லாம் நம்பித்தான் எழுதினாரா? அப்புறம் அந்த கறுப்பு கோட்டு ஆளுங்க, அது ஹாலிவுட் 'மென் இன் பிளாக்' படத்துல இருந்து சுட்டது தானே?

பழைய_பேப்பர்_கடை:
சுட்டதெல்லாம் இல்ல பாஸ், வருஷத்த பாருங்க. மார்ட்டின் இத்தாலில வந்தது 1982 ஏப்ரல், டெக்ஸ் போடுற அதே போனெல்லி கம்பெனி தான். கதை ஆல்ஃப்ரெடோ காஸ்டெல்லி, ஓவியம் ஜியான்கார்லோ அலெஸாண்ட்ரினி. முதல் இதழோட தலைப்பே கறுப்பு உடை மனிதர்கள் தான். நீங்க சொல்ற படம் 1997, அதுக்கு மூலமான அமெரிக்க காமிக்ஸே 1990ல தான் வந்துச்சு. ஆனா காஸ்டெல்லியும் சும்மா கற்பனைல இருந்து எடுக்கல. 1953ல அமெரிக்காவுல கனெக்டிகட் பக்கம் ஆல்பர்ட் பெண்டர்னு ஒருத்தர் பறக்கும் தட்டு ஆராய்ச்சி சங்கம் ஒண்ணு நடத்திட்டிருந்தவரு திடீர்னு கடைய சாத்திட்டாரு, கேட்டா கறுப்பு டிரஸ் போட்ட மூணு பேரு வந்து மெரட்டிட்டு போனாங்கன்னாரு. கிரே பார்க்கர்னு இன்னொருத்தர் 1956ல அத புஸ்தகமா போட்டு ஊரெல்லாம் பரப்புனாரு (இந்த பார்க்கர் பறக்கும் தட்டு விஷயத்துல வேணும்னே புரளி கெளப்பி விளையாடின ஆளு, அது பின்னாடி வெளிய வந்துச்சு). காஸ்டெல்லி இந்த மெரட்டல் கும்பல எடுத்து, இவங்க ஏதோ அரசாங்க ஏஜெண்ட் இல்ல, மனுச வரலாறு முழுக்க ஆதாரத்த அழிச்சுக்கிட்டே வர்ற ரகசிய கூட்டம்னு மாத்திட்டாரு. அவரு வேலை செய்யற விதமே இது தான், தொடக்கம் நெஜம், அந்த "இவங்க தான் அவங்க"ன்னு தாவுற எடம் ரீலு. தாவுற எடத்த கண்டுபிடிக்கிறது தான் எனக்கு இந்த சீரிஸ்ல பாதி ஜாலி.

நம்புனாரான்னா, இல்லன்னு தான் நான் சொல்வேன். அவரு காமிக்ஸ் வரலாற்று ஆராய்ச்சியாளரும் கூட, பழைய அமெரிக்க பேப்பர் ஸ்ட்ரிப்புங்கள பத்தி அவரு தோண்டி எடுத்து எழுதினதே தனி மலை. ஆதாரம்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு. 2024 பிப்ரவரில தவறிட்டாரு.

ராத்திரி_வாசகன்:
மேல அண்ணன் சொன்னதுல மூ மேட்டர் விட்டுப்போச்சு, அது இன்னும் தமாஷு. 19ம் நூற்றாண்டுல பிரஸ்ஸூர்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் மாயா சுவடி ஒண்ண தப்பு தப்பா எழுத்துக்கூட்டி படிச்சு "மூ"ன்னு ஒரு நாடு அழிஞ்சு போச்சுன்னு எழுதிட்டாரு. அத லெ ப்லாஞ்சன்னு ஒருத்தர் புடிச்சுக்கிட்டு மூ ராணி கதையெல்லாம் சொன்னாரு. அப்புறம் 1926ல ஜேம்ஸ் சர்ச்வர்ட் வந்து மூவ தூக்கி பசிபிக் கடல்ல போட்டாரு. அவருக்கு ஆதாரம் என்ன தெரியுமா, இந்தியாவுல ஒரு கோயில் பூசாரி ரகசிய களிமண் பலகைங்கள காட்டி படிக்க கத்துக்குடுத்தாராம். அந்த பலகைய வேற ஒருத்தரும் பாத்ததில்ல. இந்த மூவையும், இதே மாதிரி கடல்ல மூழ்கினதா சொல்ற அட்லாண்டிஸையும் மோதவிட்டு, ரெண்டும் சண்டை போட்டு அழிஞ்சதுன்னு காஸ்டெல்லி மொத்த சீரிஸுக்கும் அஸ்திவாரமா வெச்சாரு. அட்லாண்டிஸ் பைத்தியத்த கெளப்பிவிட்ட டானலிங்கற அமெரிக்கரோட புக்கு 1882, மார்ட்டின் 1982, கரெக்டா நூறு வருஷம்.

குமரிக்கோடு:
மூவ கிண்டல் பண்றீங்க சரி, அப்ப குமரிக்கண்டம்? சிலப்பதிகாரத்துலயே பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடல்ல போச்சுன்னு இருக்கு. வெள்ளக்காரனே லெமூரியான்னு ஒத்துக்கிட்டான்.

ராத்திரி_வாசகன்:
தல, சிலப்பதிகாரத்துல இருக்கு, யாரு இல்லன்னா. கடல் கொஞ்சம் நெலத்த தின்னுச்சுங்கறது வேற, ஆஸ்திரேலியா வரைக்கும் கண்டம்ங்கறது வேற. லெமூரியாவ 1864ல ஸ்க்ளேட்டர்ங்கற விலங்கியல் ஆராய்ச்சியாளர் சொன்னது தமிழுக்காகவே இல்ல, மடகாஸ்கர்லயும் இந்தியாவுலயும் ஒரே மாதிரி மிருகம் எப்படின்னு லெமூர் குரங்குக்காக சொன்னாரு. நிலத்தட்டு நகருதுன்னு தெரிஞ்சதும் அந்த கண்டமே தேவையில்லாம போச்சு. நடுவுல நம்ம ஆளுங்க அத குமரியோட சேத்து முடிச்சு போட்டாங்க. பாருங்க, இதுவும் அண்ணன் சொன்ன அதே தாவல் தான். இதுல கோவப்பட ஒண்ணுமில்ல, நான் கூட ஸ்கூல்ல அந்த மேப்ப நோட்டு அட்டைல வரைஞ்சவன் தான்.

குமரிக்கோடு:
கோவமெல்லாம் இல்ல. கடலுக்குள்ள இன்னும் நல்லா தேடட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

இங்க்_பாட்டில்:
எல்லாரும் காஸ்டெல்லிய தலைல தூக்கி வெக்கிறீங்க, எனக்கு ஒரு நெருடல் இருக்கு. எழுதினவருக்கு தாவுற எடம் தெரியும், படிக்கிற எல்லாருக்கும் தெரியுமா? 82ல ரகசிய கும்பல் உண்மைய மறைக்குதுன்னா அது சுவாரசியமான கதை. இப்ப அதையே எங்க குடும்ப வாட்சப் குரூப்ல தெனம் காலைல நெஜம்னு அனுப்புறாங்க. அதனால மார்ட்டின் படிக்கும்போது முன்ன மாதிரி சிரிப்பு வர்றதில்ல. மத்தபடி ஜாவா எனக்கு உசுரு. மங்கோலியாவுல கெடைச்ச நியாண்டர்தால் மனுசன், வாயில பேச்சே வராது, உறுமல் தான், ஆனா நியூயார்க் வீட்டுல இருக்கறதுலயே அவன் ஒருத்தன் தான் வெவரமான ஆளு.

மாடிப்படி_மாது:
அட, இவ்ளோ இருக்கா. அப்ப லெக்சர் வந்தா தாண்டாம படிக்கிறேன். இன்னொண்ணு, அக்கா பையன் மார்ட்டின் கார்ட்டூன் பாத்திருக்கேன்னு குதிக்கிறான். புக்க அவன்கிட்ட குடுக்கலாமா?

பழைய_பேப்பர்_கடை:
அது 2003ல வந்த கார்ட்டூன், பேரு மட்டும் தான் பொது. அதுல மார்ட்டின் ஸ்கூல் பையன், டயானா அவனுக்கு மாற்றாந்தாய் மக. காமிக்ஸ்ல டயானா அவரு காதலி, வருஷக்கணக்கா இழுத்தடிச்சு கடைசில கட்டிக்கிறாரு. பையன் கொழம்பிடுவான். கார்ட்டூன் வேகத்துக்கு பழகினவனுக்கு இது போரடிக்கவும் செய்யும், டெக்ஸ்ஸ குடுங்க இப்போதைக்கு.