16 கோர் டெஸ்க்டாப் வாங்குறது இன்னும் சரியா? எல்லாம் மொபைலுக்குப் போன பிறகு இது யாருக்காக?

மின்மினி77:
ஆண்ட்ராய்டு மூலநிரலை (ஏஓஎஸ்பி) முழுசா பில்ட் பண்ண (அதாவது ஓடக்கூடிய இயங்குதளமா மாத்த) ஒரு மெஷின் போடணும். ரெண்டு மூணு ஆப்போட கிரேடில் (ஆப் கட்டுற கருவி) பில்டும் எமுலேட்டரும் (கணினியிலேயே போன் மாதிரி ஓடுறது) அதிலேயே ஓடும். பார்த்து வச்சிருக்கிறது மூணு: ரைசன் 9 9950எக்ஸ் (16 கோர், 32 த்ரெட், அதாவது ஒரே நேரத்துல 32 வேலை), கோர் அல்ட்ரா 9 285கே (8 பி-கோர்னு வேகமான பெரிய கோர், 16 இ-கோர்னு மின்சாரம் மிச்சப்படுத்துற சின்னக் கோர்), த்ரெட்ரிப்பர் 9960எக்ஸ் (24 கோர், 48 த்ரெட்).

கேள்வி ரெண்டு. கோர் கூடக் கூட பில்ட் நேரமும் அதே விகிதத்துல குறையுமா? அடுத்தது, சந்தையே போன் பக்கம் சாய்ஞ்சாச்சு. இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கிற ஸ்டேட்கவுன்டர் கணக்குல 2016 அக்டோபர்லயே இணையப் பயன்பாட்டுல மொபைலும் டேப்லெட்டும் சேர்ந்து டெஸ்க்டாப்பை முந்திடுச்சு. இந்த மாதிரி பிராசசரை இனியும் எவ்வளவு நாள் செய்வாங்க? இப்ப பணத்தைப் போட்டுட்டு ரெண்டு வருஷத்துல புது பிராசசரே வராத அனாதையான சாக்கெட்டோட (போர்டுல பிராசசர் உட்கார்ற இடம்) உட்கார விருப்பம் இல்ல.

நிஞ்சாபில்ட்:
முதல் கேள்விக்குக் கணக்காவே பதில் சொல்லலாம். ஏஓஎஸ்பி ஆவணத்துல கூகுளே ரெண்டு எண் கொடுத்திருக்கு. 72 கோர், 64 ஜிபி ராம் மெஷின்ல முழு பில்ட் சுமார் 40 நிமிஷம். 6 கோர், 64 ஜிபி மெஷின்ல சுமார் 6 மணி நேரம். அதாவது கோர் 12 மடங்கு, வேகம் 9 மடங்குதான்.

இதை ஆம்டால் விதியில போடுங்க: நேரம் = பிரிச்சுக் கொடுக்க முடியாத வேலை + (பிரிக்கக்கூடிய வேலை ÷ கோர்). ரெண்டு சமன்பாட்டையும் தீர்த்தா, பிரிக்க முடியாதது ஏறக்குறைய 11 நிமிஷம், பிரிக்கக்கூடியது ஏறக்குறைய 2,095 கோர்-நிமிஷம். அதுல இருந்து:

16 கோர் – 142 நிமிஷம்
24 கோர் – 98 நிமிஷம்
32 கோர் – 76 நிமிஷம்
64 கோர் – 44 நிமிஷம்

ரெண்டு மெஷின்லயும் கோரோட வேகம் ஒண்ணுங்கிற அனுமானத்துல போட்ட கணக்கு இது. இன்னிக்கு வர்ற கோர் வேகமானது, நிஜ நேரம் இதைவிடக் குறையும். ஆனா வளைவோட வடிவம் மாறாது. 16ல இருந்து 24க்குப் போனா 44 நிமிஷம் மிச்சம். 32ஐ அப்படியே இரட்டிப்பாக்கி 64 ஆக்கினாலும் கிடைக்கிறது 32 நிமிஷம்தான். பணம் மட்டும் இரட்டிப்பாகும்: த்ரெட்ரிப்பர் வரிசையில 32 கோர் 9970எக்ஸ் அறிவிப்பு விலை 2,499 டாலர், 64 கோர் 9980எக்ஸ் 4,999.

பிரிக்க முடியாத நேரத்தைக் கண்ணாலயே பார்க்கலாம். பில்ட் தொடங்கினதும் எச்டாப்பை (ஒவ்வொரு கோரோட சுமையையும் பட்டையாக் காட்டுற கருவி) திறந்து வைங்க. சூங், காட்டிங்கிற ஆயத்தக் கருவிகள் ரெண்டும் பில்ட் கோப்புகளைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் சில கோர்தான் வேலை செய்யும், மத்தது சும்மா கிடக்கும். கம்பைல் வேலைகளைக் கோர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற நிஞ்சா கைக்கு வந்த பிறகுதான் எல்லாப் பட்டையும் நிரம்பும். அதனால தனிக் கோர் வேகத்தையும் பார்த்து வாங்குங்க.

ஆப் பில்ட் கதை வேற. ஒரே மாட்யூலா எழுதின ஆப்புக்கு 16 கோர் கொடுத்தாலும் காட்லின் கம்பைலர் அதுல பாதியைக்கூடத் தொடாது. மாட்யூலா உடைச்சு, கிரேடில்ல பேரலல் அமைப்பையும் (பல மாட்யூலை ஒரே நேரத்துல கட்டுறது) கான்ஃபிகரேஷன் கேஷையும் (முன்னாடி படிச்ச அமைப்பைச் சேமிச்சு வைக்கிறது) போட்டாதான் கோருக்கு வேலை கிடைக்கும்.

சிலிக்கான்_சித்தர்:
இரண்டாவது கேள்விக்கு. மொபைல் சந்தை டெஸ்க்டாப்பை விழுங்குகிறது என்பது பாதி உண்மை. உற்பத்தி வரிசையைப் பாருங்கள். சில்லு வடிக்கும் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் உற்பத்தி முறை 2020இல் ஐபோன் 12இன் ஏ14 சில்லில் வந்தது. அதே 5 நானோமீட்டர் ரைசன் 7000க்கு வந்து சேர்ந்தது 2022 செப்டம்பரில். 3 நானோமீட்டர் 2023இல் ஏ17 ப்ரோவில். அதில் செய்த கம்ப்யூட் டைல் (கோர்கள் இருக்கும் சில்லுத் துண்டு) கொண்ட 285கே கடைக்கு வந்தது 2024 அக்டோபரில். புதுத் தொழில்நுட்பத்தின் முதல் செலவைப் போன் வாங்குகிறவர் கட்டுகிறார். விளைச்சல் (பழுதில்லாமல் தேறும் சில்லுகளின் விகிதம்) சீரானபின் டெஸ்க்டாப் உள்ளே வருகிறது. பந்தியில் இரண்டாவது இலை என்றாலும் சாப்பாடு அதேதான்.

வடிவமைப்பிலும் அப்படியே. பெரிய கோரையும் சின்னக் கோரையும் ஒரே சில்லில் கலக்கும் பிக்-லிட்டில் முறையை ஆர்ம் நிறுவனம் 2011இல் பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் அறிவித்தது. பத்தாண்டு கழித்து 2021 நவம்பரில் இன்டெல் ஆல்டர் லேக் வழியாக அது மேசைக்கு வந்தது. உங்கள் பட்டியலில் உள்ள 285கேயின் 16 இ-கோர்களும் அந்த வம்சம்தான்.

இனி யார் இதைச் செய்துகொண்டிருப்பார்கள் என்றால், சர்வர்தான் தாங்கிப் பிடிக்கிறது. 9950எக்ஸுக்குள் இருப்பது எட்டுக் கோர் கொண்ட இரண்டு சிப்லெட் (சின்னச் சில்லுத் துண்டு). அதே ஜென் 5 சிப்லெட் பதினாறைச் சேர்த்தால் 128 கோர் எபிக் சர்வர் பிராசசர். சர்வர் விற்கும்வரை 16 கோர் டெஸ்க்டாப்புக்கென்று தனியாகக் கோர்ச் சில்லு வடிக்க வேண்டியதில்லை; ராம், மற்ற பாகங்களோடு இணைக்கும் ஐஓ டை என்ற துண்டை மாற்றினால் போதும். இந்த வகுப்பு மொபைலால் சாகாது.

ஆபத்து மேல்தட்டில் இருக்கிறது. இன்டெல்லின் கோர் எக்ஸ் வரிசை 2019இல் 18 கோர் 10980எக்ஸ்இயோடு நின்றுபோனது. த்ரெட்ரிப்பர் 3000 வாங்கியவர்களின் டிஆர்எக்ஸ்40 போர்டுக்கு அடுத்த தலைமுறை வரவே இல்லை. 5000 வரிசை, தொழில்முறைக் கணினிகளுக்கான ப்ரோவாக மட்டும் வந்தது. சாதாரண த்ரெட்ரிப்பர் திரும்பியது 2023 நவம்பரில். நீங்கள் பயப்படும் அனாதை சாக்கெட் அங்கேதான் நடந்தது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

பழைய_பயாஸ்:
கோரைப் பற்றியே பேசுறீங்க, ராமைப் பற்றி யாரும் வாய் திறக்கல. ஏஓஎஸ்பி பில்ட் சாகிறது பெரும்பாலும் அங்கதான்.

32 த்ரெட்டுக்கு 64 ஜிபின்னா த்ரெட்டுக்கு 2 ஜிபி. சி++ கோப்புகளுக்கு அது தாராளம். மெட்டாலாவா, ஆர்8ங்கிற பில்ட் கருவிகள் மாதிரி ஜாவா வேலைகள் ஒரே நேரத்துல நாலஞ்சு கிளம்பினா ஒவ்வொண்ணும் பல ஜிபி கேட்கும். உபுண்டு 22.04 டெஸ்க்டாப்ல சிஸ்டம்டி-ஊம்டி (ராம் தீர்ந்தா நிரல்களை நிறுத்துற சேவை) தானா இயங்கும். சில சமயம் பில்ட் மட்டும் இல்ல, டெர்மினல் ஜன்னலே மாயமாப் போகும். எர்ரர் எதுவும் இருக்காது. பிராசசர் கோளாறுன்னு நினைச்சு போர்டை மாத்தக் கிளம்பிடாதீங்க. டிமெசேஜ், ஜர்னல்ங்கிற சிஸ்டம் பதிவுகளை முதல்ல பாருங்க. ஜே எண்ணை (ஒரே நேரத்துல எத்தனை வேலைன்னு சொல்றது) 32ல இருந்து 20க்கு இறக்குங்க, 32 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதப்ப உதவுற டிஸ்க் இடம்) வைங்க.

9950எக்ஸ் எடுத்தா ராம் ரெண்டே குச்சி. 48 ஜிபி ரெண்டு போட்டா 96 ஜிபி. நாலு குச்சி போட்டீங்கன்னா ஏஎம்டி அதிகாரபூர்வமா உத்தரவாதம் தர்ற வேகம் டிடிஆர்5-5600ல இருந்து 3600க்கு விழும். இரட்டைச் சேனல்ல 89.6 ஜிபி/வினாடி இருந்தது 57.6 ஆகும். ‘இன்னும் ரெண்டு பின்னாடி வாங்கிக்கலாம்’ங்கிற பழைய பழக்கம் இங்க உதவாது. புது ராம் போட்டு முதல் தடவை பூட் ஆகும்போது திரை பல நிமிஷம் கறுப்பா நிக்கும். மெமரி ட்ரெய்னிங் (போர்டு புது ராமைச் சோதிச்சு அமைக்கிறது) நடக்குது, பவரைப் பிடுங்காதீங்க.

9960எக்ஸுக்கு நாலு சேனல், ஆனா சர்வர்ல போடுற ஆர்டிம் வகை ராம்தான் ஏறும். சாதாரண டிடிஆர்5 குச்சியோட காடியே வேற இடத்துல இருக்கும், ஸ்லாட்ல உட்காராது. சிப் அறிவிப்பு விலை 1,499 டாலர், அதுக்கு மேல டிஆர்எக்ஸ்50 போர்டு, 350 வாட்டைத் தாங்குற கூலர். 2025 கடைசியில ஏஐ சர்வர் தேவையால டிராம் விலை ஏறின ஏற்றத்துக்கு நாலு ஆர்டிம் வாங்குறதுக்குள்ள பட்ஜெட் பாதி கரைஞ்சிடும்.

மின்மினி77:
நன்றி. ஆம்டால் கணக்கு பிரமாதம். அப்ப 9960எக்ஸ் பட்டியல்ல இருந்து போச்சு. 285கேயை ஏன் யாருமே சிபாரிசு பண்ணல? 24 கோர் இருக்கே. இன்னொண்ணு, ஆர்ம் லேப்டாப்பே இவ்வளவு வேகமா இருக்கும்போது அதிலேயே பில்ட் பண்ணிட முடியாதா?

நிஞ்சாபில்ட்:
முடியாது, அதுதான் வேடிக்கை. ஏஓஎஸ்பிக்கு அதிகாரபூர்வமா வேண்டியது 64 பிட் எக்ஸ்86 மெஷின், லினக்ஸ். மேக்ல பில்ட் பண்ற ஆதரவை 2021 ஜூன்லயே நிறுத்திட்டாங்க. கூட வர்ற கிளாங், கோ, ஜேடிகேங்கிற கம்பைலர் கருவிகள் எல்லாம் எக்ஸ்86 லினக்ஸுக்குக் கட்டினது. ஆர்ம் போன்ல ஓடப்போற இயங்குதளம் பிறக்கிறது எக்ஸ்86 பெட்டியிலதான். உங்க ரெண்டாவது கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

285கே மோசமில்ல. ஹைப்பர்த்ரெடிங் கிடையாது, 24 கோருக்கு 24 த்ரெட்தான். ராமும் அந்த அளவுக்குக் குறைவாவே போதும்! பிரச்சினை எமுலேட்டர்ல. பில்ட் ஓடும்போது எமுலேட்டரோட த்ரெட் இ-கோர்ல போய் உட்கார்ந்தா திரை திக்கித் திக்கி நகரும். டாஸ்க்செட்ங்கிற லினக்ஸ் கட்டளை வச்சு பி-கோர்ல கட்டிப் போடலாம், அது உங்களுக்குச் சலிப்பில்லன்னா தாராளமா எடுங்க.

பழைய 13900கே, 14900கே மலிவா கிடைக்குதுன்னு மட்டும் போயிடாதீங்க. அதிக மின்னழுத்தத்தால சில்லு தேயுற சிக்கலை இன்டெல்லே ஒத்துக்கிச்சு. 2024ல மைக்ரோகோடு (பிராசசருக்குள்ள ஓடுற நிரல்) திருத்தங்கள் வந்தது, ஆனா ஏற்கெனவே தேய்ஞ்ச சில்லை அது சரிபண்ணாது. முந்தி வச்சிருந்தவர் எப்படி ஓட்டினார்னு வாங்குறவருக்குத் தெரிய வழியில்ல.

பழைய_பயாஸ்:
9950எக்ஸ் எடுத்ததும் முதல் நாளே பயாஸ்ல பிபிஓ (பிராசசரோட மின்வரம்பை அமைக்கிற இடம்) பகுதிக்குப் போய் 105 வாட் ஈகோ மோடு போடுங்க. சாக்கெட் மின்வரம்பு 230 வாட்ல இருந்து 142க்கு இறங்கும். பில்ட் நேரத்துல இழக்கிறது சில சதவீதம்தான், மின்விசிறி இரைச்சலும் யூபிஎஸ் மேல விழுற பாரமும் நல்லாவே குறையும். போடலன்னா முழுச் சுமையில 95 டிகிரியைத் தொடும். அது கோளாறில்ல, வடிவமைப்பே அப்படி.

டிஸ்க்: மூலநிரலுக்கு 250 ஜிபி, பில்டுக்கு 150 ஜிபின்னு ஆவணம் சொல்லுது. ரெண்டாவது பிராஞ்ச் வேணும்னா 1 டிபி பத்தாது, 2 டிபி என்விஎம்இயா (வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்குங்க. ரெப்போ சிங்க் பண்ணும்போது (மூலநிரலை இறக்கும்போது) 32 த்ரெட் இருக்கேன்னு ஜே32 கொடுத்தா சர்வர் 429 பிழையைத் (கோரிக்கை அளவு மீறிடுச்சுங்கிறது) திருப்பி அனுப்பும். ஜே4 போதும்.

மின்மினி77:
9950எக்ஸ், 48 ஜிபி ரெண்டு, 2 டிபின்னு முடிவு பண்ணிட்டேன். சிகேஷ் (முன்னாடி கம்பைல் பண்ணினதைச் சேமிச்சு வச்சு மறுபடி எடுக்கிற கருவி) போட்டா நேரம் குறையுமா?

நிஞ்சாபில்ட்:
முதல் பில்ட்ல குறையாது, கேஷ்ல எழுதுற வேலை வேற சேரும். பில்ட் முடிவுகள் இருக்கிற அவுட் அடைவை அழிச்சுட்டு மறுபடி பண்ணும்போதுதான் பலன். அதுவும் சி, சி++ பகுதிக்கு மட்டும். ஜாவா, காட்லினுக்கு ஒண்ணும் நடக்காது. இப்ப மூலநிரலோட சிகேஷ் வர்றதில்ல, நீங்களே நிறுவி அதோட பாதையைச் சூழல் மாறியில கொடுக்கணும். அளவு 50 ஜிபி வைங்க. ரெண்டாவது பில்டுக்கு அப்புறம் ஹிட் எண்ணிக்கையை (கேஷ்ல இருந்து கிடைச்ச கோப்புகள்) பாருங்க, பூஜ்யத்துலயே நின்னா பாதை தப்பு.