இளைஞர் குழுவின் ஐந்து நாள் மலை நடை: கடைசி வாரத்தில் எதைச் சரிபார்ப்பது?

கேள்வி – வழித்துணை

வணக்கம். எங்கள் இளைஞர் குழுவில் 14 முதல் 17 வயது வரையுள்ள பன்னிரண்டு பேர், மூன்று பெரியவர்களுடன், முதுகுப்பை சுமந்து ஐந்து நாள் மலைப்பாதையில் நடக்க இருக்கிறார்கள். வழியில் கடையோ விடுதியோ இல்லை. உணவு, கூடாரம், அடுப்பு அனைத்தையும் நாங்களே சுமக்க வேண்டும். பாதையின் உயரமான இடம் ஏறத்தாழ 2,400 மீட்டர். இரண்டாம் நாள்தான் கடினமானது: 14 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உண்டு.

அனுமதியும் போக்குவரத்தும் முடிந்துவிட்டன. பொருட்பட்டியலைப் பல வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். எல்லாம் வாங்கியாயிற்று என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவற்றைப் பையில் அடுக்கித் தோளில் மாட்டிப் பார்த்தவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு சந்திப்புதான் மீதமிருக்கிறது. சனிக்கிழமை மாலை, மூன்று மணி நேரம். அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது என் முதல் கேள்வி. பொதுப் பொருட்களின் சுமையை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதே நியாயம் என்று உடன் வரும் பெரியவர் ஒருவர் சொல்கிறார். எங்கள் குழுவிலோ 38 கிலோ எடையுள்ளவரும் இருக்கிறார், 70 கிலோ எடையுள்ளவரும் இருக்கிறார். இதை எப்படித் தீர்ப்பது என்பது இரண்டாவது கேள்வி.

மறுமொழி 1 – சுமைதாங்கி

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை கிடைத்துவிட்டால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வளரும் வயதினர் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது. எவ்வளவு போனாலும் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 70 கிலோ உள்ளவருக்கு அது 14 கிலோ. அதிகபட்சம் பதினேழரை கிலோ. 38 கிலோ உள்ளவருக்கோ ஏழரை கிலோ, அதிகபட்சம் ஒன்பதரை. இப்போது அந்தச் சிறியவரின் பையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் 2 கிலோ. உலர் உணவு நாளொன்றுக்கு 600 கிராம் என்று வைத்தாலும் ஐந்து நாளுக்கு 3 கிலோ. மீதமிருக்கும் இரண்டரை முதல் நாலரை கிலோவுக்குள் பையின் சொந்த எடை, தூக்கப்பை, விரிப்பு, மழை அங்கி, மாற்றுடை எல்லாம் அடங்க வேண்டும். கூடாரத்தின் ஒரு துண்டைக்கூட அவரிடம் கொடுக்க இடமில்லை. அவருடைய உணவிலேயே ஒரு பகுதியை வேறொருவர் சுமக்க வேண்டியிருக்கலாம். சமமாகப் பிரிப்பது நியாயம் என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. உணவு நாளுக்கு நாள் குறையும், கூடாரம் குறையாது. ஆகவே முதல் இரண்டு நாள்களில் உண்ணப்போகும் பொது உணவைச் சிறியவர்களிடமும், கூடாரம், அடுப்பு, பாத்திரம் போன்ற குறையாச் சுமையைப் பெரியவர்களிடமும் கொடுத்தால், கடினமான இரண்டாம் நாள் முடிவதற்குள் சிறியவர்களின் பை தானாகவே இலேசாகிவிடும்.

சந்திப்பின் முதல் ஒன்றரை மணி நேரத்தை முழுவதும் பைகளுக்கே ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம் பையை முழுமையாக அடுக்கிக்கொண்டு வர வேண்டும்; வந்ததும் அனைத்தையும் ஒரு விரிப்பில் கொட்ட வேண்டும். பட்டியலில் உள்ளவை இருக்கின்றனவா என்று பார்ப்பது எளிய வேலை. பட்டியலில் இல்லாதவற்றை வெளியே எடுப்பதுதான் உண்மையான வேலை, ஏனென்றால் கூடுதல் சுமையில் பெரும்பகுதி அன்போடு வீட்டில் திணித்து அனுப்பப்படுவது. இரண்டாவது துண்டு, நான்காவது சட்டை, பெரிய சோப்புக் குப்பி எல்லாம் அங்கேயே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பருத்தி உடைகளையும் கவனியுங்கள்: நனைந்த பருத்தி எளிதில் உலராது, உடல் சூட்டையும் இழுத்துவிடும். குளிர் காக்கும் அடுக்கு கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும்.

பிறகு தண்ணீரையும் நிரப்பி மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு இடையே வர வேண்டும். தூக்கப்பை அடியில் போகலாம். மழை அங்கி கை வைத்ததும் கிடைக்கும்படி மேலே இருக்க வேண்டும். வெளியுறையை மட்டும் நம்பாமல் பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை உள்ளுறையாகப் போடுங்கள். பலத்த காற்றில் வெளியுறை கழன்று பறப்பது சாதாரணம். கடைசியாக இடுப்புப் பட்டை. சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் அமர வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. இதை யாரும் படித்துக் கற்பதில்லை. பையை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடக்க வையுங்கள். பட்டை வெட்டுகிறதா என்பதை அவர்களே சொல்வார்கள்.

மறுமொழி 2 – ஓடைக்கரை

மேலே சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதைச் செய்யும் முறையில் ஒரு எச்சரிக்கை. எல்லோர் முன்னிலையிலும் உடல் எடையைக் கேட்காதீர்கள். பதினைந்து வயதில் அந்த எண்ணைச் சபையில் சொல்ல நேர்வதை விட இருபது கிலோ சுமப்பதே மேல் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; பொய் எண்ணும் சொல்வார்கள். மருத்துவப் படிவத்தில் பெற்றோரிடம் வாங்கிக்கொண்டு, யாருக்கு எவ்வளவு சுமை என்பதைப் பெரியவர்கள் முன்பே தீர்மானித்துவிட்டு வாருங்கள்.

மருத்துவப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வாங்கிய படிவம் இன்றைய நிலையைச் சொல்லாது. இந்த வாரம் ஒவ்வொரு பெற்றோரையும் தொலைபேசியில் அழைத்து, அண்மையில் காய்ச்சலோ சுளுக்கோ வந்ததா, புதிய மருந்து ஏதேனும் தொடங்கப்பட்டதா, ஒவ்வாமை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இரண்டு இன்ஹேலர் கொண்டுவர வேண்டும். ஒன்று அவருடைய சட்டைப்பையில், மற்றொன்று ஒரு பெரியவரிடம். கடுமையான ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசிக்கும் இதே ஏற்பாடுதான்: எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பையின் அடியில் அல்ல. அதைப் பயன்படுத்த மூன்று பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்து அவர் ஒரு கிலோமீட்டர் முன்னால் நடந்துகொண்டிருந்தால் பயனில்லை.

பெண் பிள்ளைகள் இருந்தால், மாதவிடாய்ப் பொருட்களைப் பற்றியும், பயன்படுத்தியவற்றை மூடிய பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதைப் பற்றியும் ஒரு பெண் பெரியவர் அவர்களுடன் தனியே பேசிவிட வேண்டும். கழிப்பிட முறையை எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லலாம்: நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, பிறகு மூட வேண்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூச்சத்தால் தண்ணீர் குடிக்காமலும் மலத்தை அடக்கிக்கொண்டும் நடந்து, நடுவழியில் துவண்டு போவதற்கு அது எவ்வளவோ மேல்.

மறுமொழி 3 – நிழற்கோடு

பையும் மருந்தும் பேசப்பட்டுவிட்டன. நான் நேரத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் தொடக்கக் கணக்குக்குப் போதுமானது: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் இரண்டாம் நாளுக்கு 14 கிலோமீட்டர் என்பது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஆக நாலே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் இது ஓய்வெடுக்காமல் நடக்கும், உடற்திறம் மிக்க பெரியவருக்கான கணக்கு. சுமையோடு நடக்கும் பதினைந்து பேருக்கு அதில் பாதியைக் கூட்டி ஆறரை மணி நேரம் என்று வையுங்கள். உணவு இடைவேளை அதற்கு மேல். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் இரண்டரைக்கு முகாமிடலாம். பத்து மணிக்குக் கிளம்பினால் அந்தி சாயும் நேரத்தில் களைத்த பிள்ளைகளோடு கூடாரக் கயிற்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வலுக்கும் என்பதும் முன்னதாகக் கிளம்புவதற்கு ஒரு காரணம்.

ஆகவே சனிக்கிழமைக்கு முன் பெரியவர்கள் மூவரும் தனியே அமர்ந்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திரும்பும் நேரத்தை எழுதிவையுங்கள்: இன்ன இடத்தை இத்தனை மணிக்குள் அடையாவிட்டால் மேலே போகமாட்டோம், இன்ன இடத்துக்குத் திரும்பி முகாமிடுவோம் என்று. முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். களைப்பும் ஆசையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் எடுக்கப்படும் முடிவு நல்லதாக இருப்பதில்லை. வீட்டில் அமர்ந்து எடுத்த முடிவு அங்கே உதவும். அதே தாளின் ஒரு படியை ஊரிலிருக்கும் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். பெயர்கள், பாதை, முகாம் இடங்கள், மீட்புக்கு யாரை அழைப்பது, எந்த நேரம் வரை உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் அழைப்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அந்த நேரத்தைச் சற்றுத் தளர்வாக வையுங்கள், இல்லையெனில் தொலைபேசி அலை கிடைக்காத ஒரு மாலைக்காக மீட்புக் குழு கிளம்பிவிடும்.

நடக்கும்போது முன்னால் ஒரு பெரியவரும் கடைசியில் ஒரு பெரியவரும். கடைசியில் வருபவரை யாரும் பின்னால் விடக் கூடாது. வேகத்தை மெதுவானவர் தீர்மானிக்கட்டும், அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டால் யாரும் அவருக்காகக் காத்திருப்பதாகவே தோன்றாது. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில். பன்னாட்டு அபாயக் குறி நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிட அமைதி, மீண்டும் ஆறு. பதில் குறி நிமிடத்துக்கு மூன்று. சந்திப்பில் ஒருமுறை ஊத வைத்துவிடுங்கள், பிறகு விளையாட்டுக்கு ஊதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வழித்துணை

மூவருக்கும் நன்றி. 38 கிலோ கணக்கை உடன் வருபவரிடம் காட்டினேன். அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். உடல் எடையைப் பற்றிய எச்சரிக்கை எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். தண்ணீருக்கு மாத்திரை மட்டும் போதுமா? இரண்டு பேர் இந்த வாரம்தான் புதிய மலைக்காலணி வாங்கியிருக்கிறார்கள், என்ன செய்யலாம்?

மறுமொழி 4 – சுமைதாங்கி

குளோரின் மாத்திரை பாக்டீரியாவையும் வைரஸையும் நன்றாகவே கொல்லும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு அசையாது. மேலும் கலங்கிய நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாத்திரை மெதுவாகவே வேலை செய்யும். வடிகட்டி ஒன்றை எடுத்துச் சென்று, வடிகட்டிய நீரில் மாத்திரை போடுவது பாதுகாப்பானது. கொதிக்க வைப்பதே உறுதியான வழி: நன்கு கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் பதினைந்து பேருக்கான குடிநீரைக் கொதிக்க வைப்பதென்றால் எரிபொருள் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சமையலுக்கு எப்படியும் கொதிக்கப்போகும் நீருக்கு வடிகட்டியும் மாத்திரையும் தேவையில்லை.

அடுப்பைச் சந்திப்பிலேயே, திறந்த வெளியில், பிள்ளைகளைக் கொண்டே மூட்ட வையுங்கள். ஒரு லிட்டர் நீர் கொதிக்க எவ்வளவு கேஸ் ஆகிறது என்று உருளையை முன்னும் பின்னும் எடை போட்டால் ஐந்து நாள் தேவை தெரிந்துவிடும்; மலைக் காற்றுக்காகச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். மழை கொட்டினாலும் கூடாரத்துக்குள் அடுப்பு எரியக் கூடாது என்பதற்கு விலக்கே கிடையாது: தீ கண்ணுக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு தெரியாது.

மறுமொழி 5 – ஓடைக்கரை

காலணிக்கு நான் சொல்கிறேன். இன்றிலிருந்தே வீட்டிலும் வெளியிலும், நடைக்குப் போடவிருக்கும் அதே காலுறையோடு, நாள் முழுவதும் அணியச் சொல்லுங்கள். சனிக்கிழமை பையோடு நடக்கும்போது குதிகாலோ விரல்களோ உரசினால், அதை விட்டுவிட்டு, பழகிய, அடிப்பாகம் தேயாத விளையாட்டுக் காலணியில் வரட்டும். கணுக்காலை மூடாத காலணி என்பதற்காகத் தயங்க வேண்டாம். சுமை குறைவாக இருந்தால் பழகிய காலணியே புதியதை விடப் பாதுகாப்பு. முதலுதவிப் பெட்டியில் ஒட்டுப்பட்டையைத் தாராளமாக வையுங்கள். தோல் சூடாக உரசுவது தெரிந்த உடனே நின்று ஒட்டினால் கொப்புளம் வராது. அதற்காக முழுக் குழுவும் நிற்கும் என்பதைச் சனிக்கிழமையே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு மாலை வரை வாய் திறக்காமல் நடப்பார்கள்.