காண்ட்ராக்ட் முடியப்போற ஸ்டார்களை என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டீம் விக்கணுமா, வெச்சுக்கணுமா?

நீலக்கோடு:
பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று) இடத்துக்கு நாலஞ்சு பாயின்ட் கீழ தவிக்கிற டீம். ரெண்டு ஸ்டார்களுக்கு இது கடைசி வருஷம். ஜூலை 1 வந்தா ஃப்ரீ ஏஜென்ட், எங்க வேணும்னாலும் போகலாம். ட்ரேட் டெட்லைனுக்குள்ள (சீசன் நடுவுல பிளேயர்களை மாத்திக்கக் கடைசி நாள்) விக்கறதா, மறுபடி கையெழுத்துப் போடுவாங்கன்னு நம்பறதா? 2018-ல நியூயார்க் ஐலண்டர்ஸ் ஜான் டவாரெஸை நம்பி வெச்சுக்கிட்டாங்க. பிளேஆஃபும் போச்சு, அவரும் டொராண்டோவோட 7 வருஷம், 7.7 கோடி டாலர்னு கையெழுத்துப் போட்டுக் கிளம்பிட்டார். பதிலுக்கு ஒரு டிராஃப்ட் பிக் (இளம் பிளேயரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை) கூட வரல. அதுக்காக வித்தவங்க எல்லாம் தேறிட்டாங்களான்னு பாத்தா, ஒட்டாவாவை நினைச்சா குழப்பமா இருக்கு.

மூன்றாம்_பீரியட்:
ஒட்டாவாவையே எடுத்துக்கொள்வோம், பதில் அங்கேயே இருக்கிறது. ஆறே மாதத்துக்குள் இரண்டு பெரிய விற்பனை. எரிக் கார்ல்சனை 2018 செப்டம்பரில், காண்ட்ராக்டில் முழுதாக ஒரு சீசன் மிச்சமிருக்கும்போதே சான் ஹோசேக்குக் கொடுத்தார்கள். ஜாஷ் நாரிஸ், கிறிஸ் டியெர்னி, டிலன் டிமெலோ, ருடோல்ஃப்ஸ் பால்செர்ஸ், கூடவே பிக்குகள். வயதேறிக்கொண்டிருந்த சான் ஹோசே 2019-20-ல் சரிந்தது. அவர்களுடைய 2020 முதல் சுற்று பிக் 3-வது இடத்துக்கு உயர்ந்து, டிம் ஸ்டூட்ஸ்லே ஒட்டாவாவுக்குக் கிடைத்தார்.

மார்க் ஸ்டோனை விற்றது 2019 பிப்ரவரி 25, டெட்லைன் அன்றே. வேகஸ் கொடுத்தது எரிக் பிரான்ஸ்ட்ரோம், ஆஸ்கர் லிண்ட்பெர்க், ஓர் இரண்டாம் சுற்று பிக். மொத்த மதிப்பும் பிரான்ஸ்ட்ரோம் என்ற ஒரே ப்ராஸ்பெக்ட் (வளர்ந்துவரும் இளம் வீரர்) மேல் நின்றது. அவர் எதிர்பார்த்த டிஃபென்ஸ்மேனாக வளரவில்லை. ஸ்டோன் வேகஸில் 8 வருட ஒப்பந்தம் போட்டு, 2023-ல் கேப்டனாக லீக் கோப்பையான ஸ்டான்லி கப்பைத் தூக்கினார்.

ஆகவே விற்கலாமா என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. கடைசி வருடம் தொடங்கும் ஜூலை 1 அன்றே புதிய ஒப்பந்தம் பேச விதி அனுமதிக்கிறது. அன்றே தொகையோடு ஒரு ஆஃபரை வையுங்கள். பயிற்சி முகாம் தொடங்கும் வரை தெளிவான பதில் வராவிட்டால் அதையே ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு விற்கத் தொடங்குங்கள். வாங்குபவருக்கு முழு சீசன் கிடைப்பதால் விலையும் அதற்கேற்ப வரும்.

கேப்_கணக்கு:
டெட்லைன் வரைக்கும் வந்துட்டா, மூணு விஷயத்தைப் பாருங்க.

முதல்ல நோ-மூவ் கிளாஸ், அதாவது பிளேயர் சம்மதமில்லாம மாத்தக்கூடாதுங்கற காண்ட்ராக்ட் விதி. 2023-ல பேட்ரிக் கேன் ரேஞ்சர்ஸுக்கு மட்டும்தான் போவேன்னார். போட்டிக்கு வேற ஆளே இல்லாததால, சிகாகோவுக்கு வந்தது ஓர் இரண்டாம் சுற்று பிக், ஒரு நாலாம் சுற்று பிக். கிளாஸ் இருக்கிற பிளேயர்கிட்ட ஜனவரியிலயே நாலஞ்சு டீம் பேரை எழுதி வாங்கணும்.

அடுத்தது சம்பளப் பிடிப்பு. விக்கிற டீம் பிளேயர் சம்பளத்துல 50% வரைக்கும் தானே சுமக்கலாம், ஒரே நேரத்துல மூணு காண்ட்ராக்ட்டுக்கு. 80 லட்சம் டாலர் பிளேயரை 50%-ல கொடுத்தா, டெட்லைன்ல சீசன் ஏறத்தாழ அஞ்சுல ஒரு பங்குதான் மிச்சம். கையை விட்டுப் போறது சுமார் 8 லட்சம் டாலர். காண்ட்ராக்ட் ஜூன் 30-ல முடியுது, அடுத்த வருஷ கேப்ல (டீமோட சம்பள உச்சவரம்பு) ஒரு பைசா ஏறாது. இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, வாங்கற டீம்களோட எண்ணிக்கை கூடுறதே இதாலதான். ஆனா 2023-ல ரயன் ஓ’ரைலி ட்ரேட்ல செயின்ட் லூயிஸ் பாதி, மினசோட்டா கால்வாசின்னு சுமந்து டொராண்டோவுக்கு அனுப்பின வழி இப்ப ஒரே நாள்ல நடக்காது. 2025-26 சீசன்ல இருந்து ரெண்டு சம்பளப் பிடிப்புக்கும் நடுவுல 75 நாள் இடைவெளி வேணும்.

கடைசியா நிபந்தனை. 2024-ல ஜேக் கென்ட்ஸலுக்கு பிட்ஸ்பர்க் வாங்கின பிக், கரோலைனா இறுதிப் போட்டிக்குப் போனா மட்டும் முதல் சுற்று. போகல, இரண்டாம் சுற்றாயிடுச்சு. அறிவிப்புல முதல் சுற்றுன்னு பாத்து சந்தோஷப்படறதுக்கு முன்னாடி இந்த வரியைப் படிங்க.

ஓவர்டைம்:
எதிர்க்கருத்து ஒன்று. 2019-ல் கொலம்பஸ், காண்ட்ராக்ட் முடியவிருந்த பனாரினையும் பாப்ராவ்ஸ்கியையும் விற்கவில்லை. அதற்கு மேல் மாட் டுஷேனையும் டிசிங்கலையும் வாங்கினார்கள். 62 வெற்றி பெற்ற டாம்பா பேயை முதல் சுற்றில் 4-0 என்று வீழ்த்தினார்கள். அந்த அணியின் முதல் பிளேஆஃப் தொடர் வெற்றி அது. ரசிகருக்கு அதற்கு விலை கிடையாது. கோடையில் நான்கு பேரும் போனார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் பிளேஆஃப் இடத்துக்கு நேரடிப் போட்டியில் இருந்தார்கள். நீலக்கோடு சொல்லும் அணி பின்தங்கி இருக்கிறது. மேலே மூன்று அணிகள் இருந்தால் நாலு பாயின்ட்டும் மலைதான். அங்கே நானும் விற்கச் சொல்வேன்.

நீலக்கோடு:
சரி, ஒருத்தர் 28 வயசு சென்டர் (நடு ஃபார்வர்ட்), இன்னொருத்தர் 33 வயசு கோலி (கோல்கீப்பர்). ரெண்டு பேரையும் ஒரே மாதிரி பாக்கலாமா?

மூன்றாம்_பீரியட்:
கூடாது. சென்டருக்கு வான்கூவர் 2023 ஜனவரியில் போ ஹார்வட்டை விற்ற விதம் பாருங்கள்: பொவில்லியே, ராட்டி, ஐலண்டர்ஸின் முதல் சுற்று பிக். அந்த பிக்கை வைத்திருக்காமல், ஓர் இரண்டாம் சுற்றும் சேர்த்து மார்ச்சிலேயே டெட்ராய்ட்டிடம் கொடுத்து ஃபிலிப் ஹ்ரோனெக்கை வாங்கினார்கள். அவர் டிஃபென்ஸில் க்வின் ஹியூஸுக்கு ஜோடியானார். அடுத்த சீசனில் 109 பாயின்ட், பசிபிக் பிரிவில் முதலிடம். விற்றால் ஐந்து வருடம் காத்திருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

கோலிக்கு டெட்லைனில் சந்தை மெலிவு. பிளேஆஃப் அணிகளிடம் பெரும்பாலும் கோலி இருப்பார், நடுவில் மாற்றப் பயப்படுவார்கள். கோலிக்கு நல்ல விலை ஜூன் மாத டிராஃப்ட் வாரத்தில்தான், அதுவும் காண்ட்ராக்ட் மிச்சமிருந்தால். கால்கரி, யாகோப் மார்க்ஸ்ட்ராமை இரண்டு வருடம் மிச்சமிருக்கும்போது 2024 ஜூனில் நியூ ஜெர்சிக்குக் கொடுத்து, கெவின் பாலையும் முதல் சுற்று பிக்கையும் வாங்கியது. உங்கள் கோலிக்கு அந்த வாய்ப்பு போன ஜூனிலேயே கடந்துவிட்டது. மூன்றாம் சுற்று பிக் வந்தால் தயங்காமல் கொடுங்கள், வராவிட்டால் ஒரு வருட ஒப்பந்தம் பேசிப் பாருங்கள்.